விடுபட்ட மதிப்பு: ஒரு கிராஷைத் தேடிய நாட்குறிப்பு

3 மார்ச் 2026, செவ்வாய்

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் மொழியில் எங்கள் குழு பராமரித்துவரும் தொகுப்பில், பிரிவுவாரியாகச் சராசரி கணக்கிடும் ஃபங்ஷனை அழைத்தவுடன் ஆர் மொத்தமாக மூடிக்கொள்கிறது என்று ஒரு பயனர் இன்று காலை எழுதியிருந்தார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ‘செக்ஃபால்ட்’ (நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் பிழை) என்ற சொல்லும், ஒரு நினைவக முகவரியும், அழைக்கப்பட்ட ஃபங்ஷனின் பெயரும் இருந்தன. சாதாரணப் பிழை என்றால் ஆர் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அதுவரை செய்த வேலைக்கு எந்தச் சேதமும் இராது. கிராஷ் அப்படியன்று. சேமிக்காமல் வைத்திருந்த அனைத்தும் அதனுடன் போய்விடும். அவருக்கு மூன்று மணி நேரம் ஓடி முடிந்த மாடல்கள் போயின. கையிலிருந்த மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

தரவில் 2,12,000 வரிகள் உள்ளன. நோயாளிகளைப் பற்றியது என்பதால் அவரால் அதை எனக்கு அனுப்ப இயலாது.

4 மார்ச், புதன்

அதே அளவில், அதே எண்ணிக்கையிலான பிரிவுகளுடன் செயற்கைத் தரவை உருவாக்கி இருபது முறை ஓட்டினேன். ஒருமுறைகூட கிராஷ் ஆகவில்லை.

இந்த ஃபங்ஷனின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அவ்விடத்தில் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு ஆர் பொருளையும் ‘இது பயன்பாட்டில் உள்ளது’ என்று புரொடெக்ட் செய்து அறிவிக்க வேண்டும். தவறினால், பயன்படாத நினைவகத்தை மீட்கும் ஆரின் கார்பேஜ் கலெக்டர் எப்போது வேண்டுமானாலும் அந்த நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு கணினியில் விழுந்து இன்னொரு கணினியில் விழாத கிராஷ் என்றாலே என் சந்தேகம் முதலில் அங்கேதான் செல்லும். எனவே, நினைவகம் ஒதுக்கப்படும் ஒவ்வொரு முறையும் கலெக்டரைக் கட்டாயமாக ஓடவைக்கும் ‘ஜிசிடார்ச்சர்’ அமைப்பை இயக்கி, தரவைச் சில நூறு வரிகளாகச் சுருக்கி ஓட்டினேன். மாலைவரை ஓடியும் எதுவும் விழவில்லை. புரொடெக்ட், அன்புரொடெக்ட் அழைப்புகளை வரிவரியாக எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு நாள் போனாலும், இந்தச் சந்தேகத்தை முற்றிலும் விலக்க முடிந்தது.

5 மார்ச், வியாழன்

தரவை என்னிடம் கொண்டுவர முடியாதென்றால் தேடலை அவரிடம் கொண்டுசெல்லலாம் என்று தோன்றியது. தரவை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் கிராஷ் வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பாதியாக்குமாறு கேட்டேன். 2,12,000 வரிகள் என்றாலும் பதினெட்டு சுற்றுகளுக்குள் ஒரே வரிக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் ஆரைப் புதிதாகத் திறக்க வேண்டிய அந்த அலுப்பான வேலையை அவர் பொறுமையாகச் செய்து முடித்து, மாலையில் ஒரு வரியின் விவரத்தைச் சொன்னார்: அந்த நோயாளியின் சிகிச்சைப் பிரிவு பதிவாகவில்லை. அங்கே என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்புக்கான ஆரின் குறியீடு, இருந்தது.

6 மார்ச், வெள்ளி

ஐந்து வரிகள் கொண்ட தரவில், மூன்றாவது வரியின் பிரிவை என்ஏ ஆக்கினேன். முதல் முயற்சியிலேயே ஆர் விழுந்தது. வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும் கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்துத் தொகுப்பை மீண்டும் கட்டி, நிரல் ஓடும்போதே உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி டீபக்கருக்குள் ஆரைத் திறந்து ஓட்டியபோது, கூட்டுத்தொகையை எழுதும் வரியில் அது நின்றது. அந்நேரத்துப் பிரிவு எண்ணை அச்சிடச் சொன்னேன். திரையில் வந்தது: −2147483648.

32 பிட் முழு எண்ணில் இருக்கக்கூடிய மிகச் சிறிய மதிப்பு அது. அதைத்தான் ஆர் முழு எண்களுக்கான என்ஏ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆருக்குள் இருக்கும்வரை அது ‘தெரியாத மதிப்பு’. சி நிரலுக்குள் வந்துவிட்டாலோ மற்ற எண்களைப் போல அதுவும் ஓர் எண். சி மொழியில் அணியின் இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுவதால், எங்கள் நிரல் அதிலிருந்து 1-ஐக் கழித்து, அணியின் இடமாகக் கருதி, உரிய இடத்திலிருந்து 1,700 கோடி பைட்டுக்கும் அப்பால் எழுதப் போயிருக்கிறது.

எங்கள் சோதனைகள் இதை ஏன் பிடிக்கவில்லை என்பதும் இப்போது தெளிவாகிறது. அளவீட்டுப் பத்தியில் என்ஏ வைத்துச் சோதித்திருந்தோம். மெய்யெண்களில் என்ஏ என்பது, கீழ்ப்பாதியில் 1954 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு ‘நேன்’ (எண் அல்லாத மதிப்பு). அதைக் கூட்டினால் விடை நேனாகுமே தவிர எதுவும் விழாது. பிரிவுப் பத்தியில் என்ஏ வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரவு இதை எழுதும்போது வேறொன்று உறுத்தியது. பிரிவு எண்ணாக 0 வந்தால்? பிரிவுகளுக்கென்றே ஆரில் உள்ள ஃபேக்டர் என்ற தரவு வகையில் 0 வராது; ஆனால் எங்கள் ஃபங்ஷன் சாதாரண முழு எண்களையும் ஏற்கிறது. ஓட்டிப் பார்த்தேன். கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்த வரிகளின் கூட்டுத்தொகை வெக்டரின் (ஆரின் அணி) மதிப்புகளுக்கு முன்னுள்ள தலைப்பகுதிக்குள் எழுதப்பட்டு, எந்தச் சராசரியிலும் சேராமல் மறைந்தது. செவ்வாய்க்கிழமை வந்த கிராஷைவிட இது என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. விழுந்த நிரலைப் பற்றி ஒருவர் எழுதிக் கேட்பார். அமைதியாகத் தவறான விடை தந்த நிரலைப் பற்றி யார் எழுதுவார்?

9 மார்ச், திங்கள்

திருத்தம் சில வரிகள்தான். பிரிவு எண் 1 முதல் பிரிவுகளின் எண்ணிக்கைக்குள் இல்லையென்றால், கணக்கீட்டைத் தொடங்குமுன்பே பிழைச்செய்தி வரும். என்ஏ வரிகளை என்ன செய்வது என்பதில்தான் குழுவில் நெடுநேரம் பேச்சு நடந்தது. பிரிவுவாரியாகக் கணக்கிடும் ஆரின் சொந்த ஃபங்ஷனான ‘டேப்ளை’ அவற்றை ஓசையின்றி விட்டுவிடுகிறது. விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்தனை வரிகள் விடப்பட்டன என்று சொல்லாமல் விடுவதை ஏற்க முடியவில்லை. எண்ணிக்கையுடன் எச்சரிக்கை தருவது என்று முடிவாயிற்று. முதல் வரியில் என்ஏ, கடைசி வரியில் என்ஏ, எல்லா வரிகளிலும் என்ஏ, ஒரு 0 என நான்கு சோதனைகளைச் சேர்த்தேன்.

புதிய பதிப்பை அவர் மதியம் முழுத் தரவிலும் ஓட்டினார். 37 வரிகள் விடப்பட்டன என்று எச்சரிக்கை வந்ததாம். அந்த 37 பேரின் சிகிச்சைப் பிரிவு ஏன் பதிவாகவில்லை என்று மூலப் பதிவேடுகளில் தேடத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார்.