கேஸ் அலாரத்துக்குள் என்ன நடக்கிறது?

சமையலறைச் சுவரில் மாட்டும் கேஸ் அலாரம் பலவற்றுக்குள்ளும் இருப்பது கடுகளவு டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். கூடவே ஒரு குட்டி ஹீட்டர், அதை எப்போதும் சில நூறு டிகிரி சூட்டில் வைத்திருக்கும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆக்சைடின் மேற்பரப்பில் வந்து ஒட்டும். சும்மா ஒட்டாது, உள்ளேயிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு ஒட்டும். துகள்களின் ஓரமெல்லாம் எலெக்ட்ரான் வறண்டுபோக, மின்தடை எகிறும்.

சரி, இப்போது சிலிண்டர் டியூப் கசிகிறது என்று வையுங்கள். சமையல் கேஸிலுள்ள பியூட்டேன் வந்து, ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும். பிடிபட்ட எலெக்ட்ரான்கள் உள்ளே திரும்பும், மின்தடை சரியும், அலாரம் கத்தும். கேஸ் வந்ததே ஆக்சிஜன் காணாமல் போனதை வைத்துத்தான் அதற்குத் தெரிகிறது! எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1962இல் ஜப்பானின் நவோயோஷி தகுச்சி காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை. காலேஜ் புராஜெக்ட்டுக்குப் பசங்க வாங்கும் எம்க்யூ-2 சென்சாரும் இதே வழிதான். என்ன, வந்தது எந்த வாயு என்று ஆள் அடையாளம் தெரியாது. சானிடைசர் ஆவிக்கும் கத்தித் தொலைக்கும். பக்கத்தில் சிலிக்கோன் பசை மட்டும் பூசாதீர்கள், அதன் ஆவி மேற்பரப்பில் படிந்தால் உணர்திறனே போய்விடும்.