சத்தம் குறைந்த கதை

புதிய ஆல்பம் வெளியான வாரத்தில் வந்த விமர்சனங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்பத் தென்பட்டது: முதிர்ச்சி. குழுவின் ஒலி முதிர்ந்துவிட்டதாம், பாடல்கள் அடக்கம் கற்றுக்கொண்டனவாம். அந்த இண்டி ராக் குழுவின் மூன்று ஆல்பங்களையும் ஒலிப்பதிவு செய்து, பதிவான ஒலிகளைக் கலந்து சமன்படுத்தும் மிக்ஸிங்கும் செய்து கொடுத்தவன் நான். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த முதிர்ச்சி எப்போது, எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் ஆயிற்றே. அது டிரம்மரின் வலது காது வழியாக வந்தது.

இரண்டாவது ஆல்பத்துக்கான கச்சேரிப் பயணம் முடிந்து திரும்பியபோது அவருக்குக் காதில் இரைச்சல் தொடங்கியிருந்தது. இரவில் படுத்தால் சில்வண்டு கத்துவது போலக் கேட்கிறது என்றார். பகலில் மறந்திருக்கலாம், ஆனால் வீடு அடங்கியதும் அது மட்டும்தான் கேட்கும். எனக்கு வியப்பாக இல்லை. அவர்களுடைய ஒத்திகை அறையில் ஒருமுறை அளவுமானியை வைத்துப் பார்த்திருக்கிறேன், முள் 100 டெசிபலைத் தாண்டி நின்றது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கின்படி 85 டெசிபலில் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். இவர்கள் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் அந்த அறையில் கிடந்தார்கள்.

மருத்துவர் சத்தத்தைக் குறை என்றார். டிரம்மரை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. ஆகவே எல்லோருமாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். டிரம்ஸில் சுளீரென்று ஒலிக்கும் ஸ்நேரின் மேல் துணி விழுந்தது. கட்டைக் குச்சிகளுக்குப் பதில் மெல்லிய இழைகளால் ஆன பிரஷ் வந்தது. கிட்டார் கலைஞர்கள் இருவரும் ஆள் உயர ஆம்ப்ளிஃபயர்களை மூலையில் தள்ளிவிட்டு, மேசைமேல் வைக்கும் அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு இப்படியே போயிற்று. கலைத்தேடல் எதுவும் இல்லை. ஒருவருடைய காதுக்காக மற்ற மூவரும் பொறுத்துப்போனார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சத்தம் குறைந்தால் சத்தம் மட்டும் குறைவதில்லை. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டு இருந்தும் அதை நான் இவர்களிடம்தான் முழுதாகப் பார்த்தேன்.

முதலில் மாறியது கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு. ஆம்ப்ளிஃபயரை முறுக்கிவிட்டு ஒலியைக் கிழியவிட்டால், அதற்குள் போகும் ஒவ்வொரு இரண்டு சுரங்களும் சேர்ந்து தங்கள் அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய சுரங்களாகப் பெற்றுப் போடும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் அந்தப் புதிய சுரங்களும் ஏறக்குறைய இணக்கமான இடங்களிலேயே விழும், ஒலி கனமாகக் கேட்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் எல்லாம் கூழாகிவிடும். ராக் இசையில் பவர் கார்ட் என்று சொல்வது இந்தச் சட்ஜ பஞ்சம ஜோடியைத்தான். முதல் ஆல்பம் முழுக்க அதுதான். கார்ட் மலர்கிறதா வாடுகிறதா என்று சொல்ல வேண்டிய காந்தாரம் கிட்டாரில் கிடையவே கிடையாது. அந்த வேலை பாடகரின் தலையில் விழுந்திருந்தது. இப்போது ஆம்ப்ளிஃபயர் சிறியது, ஒலி கிழியாமல் தெளிவாக வருகிறது. முதல் கிட்டார்காரர் சும்மா விரலை ஒரு கட்டை தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார், காந்தாரம் கேட்டது. பிறகு நிஷாதம். பிறகு இரண்டு கிட்டார்களும் ஒரே கார்டை வாசிக்க வேண்டியதில்லை, ஆளுக்கு இரண்டு சுரமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று கண்டுகொண்டார்கள். “நுட்பமான இசைக்கோவை” என்று ஒரு விமர்சகர் எழுதியது இதைத்தான்.

அடுத்து குரல். முன்பெல்லாம் பாடகர் கிட்டார்களைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதற்காகவே உச்ச ஸ்தாயியில் கத்துவார். இப்போது அதற்கு அவசியம் இல்லை. புதிய பாடல்கள் பழையவற்றைவிட மூன்று அரைச்சுரம் இறங்கிய சுருதியில் இருக்கின்றன. இறங்கியதும் வேறொரு சங்கடம் வந்தது, சொற்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. பல்லவியில் தான் எழுதியிருந்த இரண்டு வரிகளை ஒத்திகைப் பதிவில் தெளிவாகக் கேட்ட பாடகர், அன்றிரவே அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினாராம். பாட்டெழுதுகிறவருக்கு வெட்கத்தைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது.

கருவி மாறினால் பாட்டு மாறும் என்பது புதிய செய்தி அல்ல. ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் அலெக்ஸ் டர்னருக்கு 30-ஆவது பிறந்தநாளுக்கு அவருடைய மேலாளர் ஒரு பியானோவைப் பரிசளித்தார். 2018-இல் வந்த ஆல்பத்தின் பாடல்களை அவர் அதில் உட்கார்ந்துதான் உருவாக்கினார். கிட்டார் குழுவாக அறியப்பட்டவர்கள் வேறு ஆட்களாகக் கேட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். நான் அந்த ஆல்பத்தின் பக்கம்.

இனி என் பங்கு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முதல் ஆல்பத்தைச் செய்தபோது நான் ஒலிக்கூடத்தில் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்த வேலைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பயம். அந்தப் பயத்துக்கு ஏற்ற மருந்துகள் மென்பொருளில் நிறைய உண்டு. டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும், சீரான தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் டிராக்கின் கோட்டுக்கு இழுத்து வைத்தேன். கிட்டார்களை நான்கு தடவை வாசிக்கச் சொல்லி அடுக்கினேன். கடைசியில், வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் மாஸ்டரிங்கில், மூச்சு விட இடமில்லாமல் ஒலியை நசுக்கி உயர்த்திக் கொடுக்கும்படி நானே கேட்டேன். அப்போதே ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடும். நான் கூட்டி அனுப்பியதை அவர்கள் குறைத்து ஒலிபரப்பினார்கள், நசுங்கியது மட்டும் மிச்சம். “இளமையின் வேகம்” என்று அந்த ஆல்பத்தைப் பாராட்டினார்கள். அதில் பாதி என் நடுக்கம்.

மூன்றாவது ஆல்பத்தின் முதல் நாள் பழைய பழக்கத்தில் டிரம்ஸுக்கு 14 மைக்குகளை வைத்தேன். அவர் பிரஷ்ஷால் வாசிக்கத் தொடங்கினார். ஸ்நேருக்கு இரண்டு விரல் தள்ளி நின்ற மைக்கில், ஸ்நேரைவிட அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முனகல் துல்லியமாகக் கேட்டது. மதியத்துக்குள் பத்து மைக்குகளைக் கழற்றினேன். மேலே இரண்டு, கீழே பெரிய டிரம்முக்கு ஒன்று, மூன்று மீட்டர் தள்ளி அறையைப் பார்த்தபடி ஒன்று. அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 9 மில்லி விநாடி ஆகும். அந்தச் சிறு தாமதம்தான் கேட்பவருக்கு அறை என்ற ஒன்று இருப்பதைச் சொல்கிறது. முன்பு இந்தத் தொலை மைக்கை என்னால் பயன்படுத்த முடிந்ததே இல்லை. சிம்பலை ஓங்கி அடித்தால் அதில் சிம்பலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. மெல்ல அடித்தபோது அந்த மைக்கில் மொத்த டிரம்ஸும் ஒரே கருவியாக, மரமும் தோலுமாக நின்றது. அந்த மைக்கின் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போனேன், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாவது பாடலில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லோரும் நிறுத்தி, ஏழெட்டு விநாடி சும்மா இருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே சின்ன ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் கேட்டது, வீட்டுக் குளிர்பெட்டி போல. அன்றிரவு மிக்ஸிங் செய்யும்போது அதைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டேன். தொழில் தர்மம். மறுநாள் கேட்ட இரண்டாவது கிட்டார்காரர் அந்த இடம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, நாங்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டது போல இருக்கிறதே.”

ரீங்காரத்தைத் திரும்ப வைத்தேன். நால்வரும் மறுபடி அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஆல்பம் முழுவதும் பொன் என்று சொல்லமாட்டேன். இரண்டு பாடல்கள் எனக்கு வெறும் களைப்பாகத்தான் பட்டன. மெல்ல வாசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் ஏதோ ஆழமாக யோசிப்பது போலத் தோற்றம் தரும். சொன்னேன். ஒன்றை நீக்கினார்கள், மற்றொன்று எட்டாவது பாடலாக இருக்கிறது. அதைத்தான் ஒரு விமர்சனம் ஆல்பத்தின் இதயம் என்கிறது. போகட்டும். மேடையில் பழைய பாடல்களையும் இதே பாணியில் மெலிதாக்கி வாசித்துப் பார்த்தார்கள். குதிக்கத் தயாராக வந்த கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது கச்சேரியில் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் பழைய பாடல்கள் நான்குக்கு மட்டும் திரும்பி வந்தன, டிரம்மரின் காதுகளில் அளவெடுத்துச் செய்த அடைப்பான்களோடு.

போன மாதம் முதல் ஆல்பத்தை மறுபதிப்பாகக் கொண்டுவரும் பேச்சு எழுந்தது. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க டிரம்மர் மட்டும் வந்தார். திரையில் டிராக்குகள் வரிசையாக விரிந்தன. ஸ்நேர் என்று பெயரிட்ட டிராக்குகள் இரண்டு இருந்தன, ஒன்று வண்ணத்தில், இன்னொன்று சாம்பல் நிறத்தில் மியூட் செய்யப்பட்டு. அது என்ன என்று கேட்டார். இத்தனை நாள் சொல்லாததை அப்போது சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய ஸ்நேர் அடிகளை ஆல்பத்தில் நான் வைக்கவில்லை. கணினியில் இருந்த ஒரு தயார் மாதிரியை எடுத்து ஒவ்வொரு அடியின் இடத்திலும் ஒட்டியிருந்தேன். ஆல்பம் முழுக்க.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி மியூட்டை எடுத்தார், மற்றவற்றை அணைத்தார். அவருடைய அசல் ஸ்நேர் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தனியாக ஒலித்தது. ஒவ்வொரு அடியும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. பெரிதாக்கி அளந்தேன், 12, 15, 12 மில்லி விநாடி. புதிய ஆல்பத்தில் கிளிக் டிராக்கே இல்லாமல் வாசித்தபோது கிட்டார்களுக்குப் பின்னால் அவர் நிற்கும் அதே இடம்.

பாட்டு முடியும் வரை அவர் பேசவில்லை. பிறகு இடது காதைத் திருப்பிக் கொடுத்து, “இன்னொரு முறை போடுங்கள் அண்ணா, கொஞ்சம் சத்தமாக” என்றார்.