லூர்து மாதாவுக்கு அம்மா நடந்த நடை

அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சிங்கப்பூர் குயீன் ஸ்ட்ரீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று லூர்து மாதாவிடம் பொருத்தனை வைத்திருந்தார் அம்மா. அப்பா வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

நல்லாயன் பேராலயத்தில்தான் தொடங்க வேண்டும் என்றார். "நம்ம ஜனங்க போன வழியிலயே போகணும்யா." உண்மைதான். 1847இல் கட்டி முடித்த அந்தக் கோயிலில் ஆரம்பத்தில் எல்லா இனத்தாரும் சேர்ந்துதான் பூசை கண்டார்கள். அப்புறம் 1870இல் அதே தெருவில், சீனருக்கும் இந்தியருக்குமாகப் புனித பேதுரு பவுல் கோயில் வந்தது. தமிழருக்கென்று ஒரு கோயில் அமைய இன்னும் பதினெட்டு வருடம் ஆனது. 1886இல் அடிக்கல் நட்டு, 1888இல் ஓஃபிர் ரோட்டில் எழுந்தவர் நம் லூர்து மாதா. பிரான்ஸில் அவர் காட்சி தந்த ஊரின் பேராலயத்தைப் பார்த்தே இதையும் கட்டினார்கள். 2005இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவித்தார்கள்.

நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். அம்மாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. பதினொரு மணி வெயிலில் தரை கொதித்தது. கையில் செருப்பு, மறு கையில் ஜெபமாலை. புகிஸ் பக்கம் கூட்டம் தாங்கவில்லை; கைபேசியைப் பார்த்தபடி வந்த ஒருவர் அம்மாவின் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவோ "அருள் நிறைந்த மரியே"யை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ரோச்சோர் ரோட்டைக் கடக்கும்போது பாதியிலேயே பச்சை விளக்கு போய்விட, என் தோளைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

கோபுரம் கண்ணில் பட்டதும் நின்றார். வழியெல்லாம் ஜெபம் தவிர எதற்கும் வாய் திறக்காதவர், "வந்துட்டேன் தாயே" என்றார்.

மாதா சொரூபம் இருக்கும் குகை வடிவக் கெபி முன்னால் மூன்று முறை காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. நான்காவது முறை இரண்டு கைகளையும் குவித்து நான் மறைத்துக்கொள்ள, சுடர் நின்றது. அக்கா மகளின் படிப்பு, என் வேலை, சித்தியின் மூட்டுவலி எல்லாம் எழுதிய தாள் அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. எடுக்கவில்லை. உருகிய மெழுகு விரலில் சொட்டியதும் தெரியவில்லை போலும். "நன்றி மாதாவே, நன்றி மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நின்றார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நானும் அழுதேன். எங்கள் அப்பாவைத் திருப்பித் தந்தீர்களே, தாயே!

உள்ளே போய் அமர்ந்த பிறகுதான் அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் கொப்புளம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டேன். "விடுய்யா, வலிக்கல" என்றபடி அப்பாவுக்குப் போன் போடச் சொன்னார்.