அக்மதோவா படிக்கும் நாட்கள்

ஆகஸ்ட் 3, 2024, சனி. சுங்கை சிப்புட், மலேசியா

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் 'ரெக்வியம்' நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். 1938-ல் மகன் லெவ் கைதான பிறகு லெனின்கிராட் சிறை வாசலில் மாதக்கணக்காக வரிசையில் நின்றவர். ஸ்டாலின் ஆட்சியில் இதையெல்லாம் எழுதி வைத்தால் உயிருக்கே ஆபத்து. தோழி லிதியா சுக்கோவ்ஸ்காயா வந்தால், ஒட்டுக்கேட்பவர்களுக்காகத் தேநீர் அது இது என்று சத்தமாகப் பேசிக்கொண்டே, துண்டுத் தாளில் வரிகளை எழுதி நீட்டுவாராம். தோழி மனப்பாடம் செய்ததும் தாள் சாம்பல் கிண்ணத்தில் எரிந்துவிடும். இப்படி ஏறக்குறைய பத்துப் பேர் அந்தக் கவிதையை நெஞ்சில் சுமந்தார்கள். ஒருவர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை! 1963-ல் மியூனிக்கில் அச்சானது. சொந்த நாட்டில் வெளிவர 1987 ஆயிற்று; அக்மதோவா 1966-லேயே போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாட்டியிடம் கதையைச் சொன்னேன். சிறை வரிசை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1948 ஜூன் 16-ல் இந்த ஊர்ப் பக்க ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்தது. அப்புறம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்கம்பி. பால் வெட்டப் போகிறவர்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்ட பிறகு, சங்கம் என்ற பேச்சையே லயத்தில் யாரும் எடுக்கவில்லை என்கிறார் பாட்டி.

கடைசி வீட்டுக்காரர் மட்டும் பேசினார், போலீசிடம். அவருடைய மகன் லாக்கப்பில் இருந்தான். சங்கத்தில் இருந்த தன் சிநேகிதரைக் கைகாட்டினார். மகன் வீடு திரும்பினான். சிநேகிதரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

லெவ் 1949-ல் மறுபடி கைதானபோது, அக்மதோவா ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் எழுதினார். 1950-ல் 'ஓகன்யோக்' பத்திரிகையில் வந்தன. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

அப்படியானால் கடைசி வீட்டுக்காரர்? அவரும் பெற்றவர்தானே. இரண்டு நாளாக இதே யோசனை. அந்த அம்மா அடகு வைத்தது தன் பெயரை. இவர் கொடுத்தது இன்னொருவருடைய வாழ்க்கையை. இரண்டையும் ஒன்றாக வைக்க என்னால் முடியாது. ஆனால் அவரிடம் கவிதையா கேட்டார்கள்? ஆளைத்தான் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"அந்தப் பையன் வந்தானா?" என்று பாட்டியே கேட்டார்.

லெவ் 1956-ல் விடுதலையானார், ஆனால் அம்மா தனக்காகப் போதுமான அளவு முயலவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு என்றேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளப் போயா அப்படி நெனச்சான்?"

கொஞ்ச நேரம் கழித்து, இதுவரை சொல்லாததைச் சொன்னார். கடைசி வீட்டு அம்மா தண்ணீர் பிடிக்க வந்தால் மற்ற பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். அவர் போனதும் குழாயைக் கழுவிவிட்டுத்தான் பிடிப்பார்கள். கழுவுகிற வேலை சின்னப் பெண்ணான பாட்டிக்கு.

"அந்தம்மா யாரையும் காட்டிக் கொடுக்கலியே, தம்பி."

அந்தக் குடும்பம் ஈப்போ பக்கம் போனதாகக் கேள்வியாம். மகனுடைய பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார், எழுதிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை விசாரிக்கக் கிளம்புகிறேன். பாட்டியும் வருவதாகச் சொல்கிறார்.