சிப்பி டப்பா

ஆகஸ்ட் 4, 2025
மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு 1ம் தேதி போட்டு (படகு) எல்லாம் கடலுக்கு போயாச்சு. அங்கன்வாடி சென்டர்ல 11 பிள்ளைங்க. அப்பா போட்டுல போன சின்னவன் ஒருத்தன் வந்தான், வாயே திறக்கல.

ஆகஸ்ட் 6
இன்னைக்கும் பேசல. நிக்கர நனைச்சிட்டான், ரெண்டு தடவ. போன வருஷமே பாத்ரூம் பழகுன பிள்ள. ஹெல்பர் எக்கா "இவ்வளவு பெரிய பிள்ள ஆயாச்சு, வெக்கமா இல்லியா மக்ளே"ன்னு கேட்டாங்க, மனசுல ஒண்ணும் வச்சு கேக்கல, நம்ம எல்லாரும் கேக்குறதுதான், ஆனா அவன் மூஞ்சி அப்படியே சுருங்கிருச்சு. மனசு கலங்குன பிள்ளைங்களுக்கு பழகுனது எல்லாம் பின்னாடி போவும், வேணும்னு பண்றதில்லன்னு எல்லாரும் போன பிறவு எக்காட்ட சொன்னேன். நாளைல இருந்து சத்தம் காட்டாம மாத்தி விடணும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7
தோர்த்து (துண்டு) ஒண்ணு கொண்டு வந்திருக்கான். அப்பாவுக்குள்ளது. சாப்பிடும்போதும் விடல. முட்டைய தொடல. தோர்த்த வாங்கி வைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 11
அவன கூட்டிட்டு போக வந்த அம்மச்சி (பாட்டி) வாசல்ல நின்னே "அழாத மக்ளே, அப்பா நாளைக்கு வந்துரும்"னு சொன்னாங்க. தங்கலுக்கு, கடல்லயே தங்கி மீன் பிடிக்க போன போட்டு, ஒரு மாசம் ஆவும், 40 நாளும் ஆவும், நாளைக்கு எப்படி வரும்? எனக்கு கை விறைச்சு போச்சு.

2017 நவம்பர் 30, ஓகி புயலுக்கு பிறவு நானும் இதத்தான் சொன்னேன். என் பெரியவனுக்கு அப்ப 4 வயசு, அவங்கப்பா கடல்ல. தெனமும் ராத்திரி நாளைக்கு, நாளைக்குன்னேன். ஒன்பதாவது நாள் அவங்கப்பா நெஜமாவே வந்து நின்னப்ப இவன் கிட்டயே போகல, என் சேலைக்கு பின்னாடி ஒளிஞ்சிட்டான். இப்பவும் காத்து அடிச்சா எந்திரிச்சு வந்து அப்பா எங்கன்னு கேக்கான், 12 வயசு ஆச்சு.

ஆகஸ்ட் 12
ஹார்லிக்ஸ் டப்பால 12 சிப்பி போட்டு வச்சிருக்கேன். அப்பா போய் இத்தன நாள் ஆச்சு மக்ளே, தெனம் ஒண்ணு போடுவோம், வாற அன்னைக்கு எல்லாத்தையும் தரைல கொட்டுவோம்னு சொன்னேன். எத்தன போட்டா வரும்னு நான் சொல்லல. அவன் டப்பாவ குலுக்கி பாத்தான்.

ஆகஸ்ட் 15
கொடி ஏத்த வந்த ஒருத்தர் பேரு சொன்னாத்தான் மிட்டாய்னு அவன்கிட்ட நின்னுட்டாரு. நானே எடுத்து கொடுத்துட்டேன். பேச சொல்லி நெருக்க நெருக்க தொண்ட இன்னும் அடைக்கும், இத யாருக்கு எப்படி புரிய வைக்கது.

ஆகஸ்ட் 18
சனி ஞாயிறுக்கும் சேத்து மூணு சிப்பி அவனே போட்டான்.

ஆகஸ்ட் 20
சின்னவனுக்கு எடை எடுத்தாச்சு. 13 கிலோ 200. எழுதிட்டு பேனாவ மூடாம அப்படியே இருந்தேன்.

ஆகஸ்ட் 22
வீட்டுல பேசுறானாம், கொஞ்சமாட்டு. இங்கதான் இல்ல. ஒரு மாசம் தாண்டியும் இப்படியே இருந்தா டாக்டர்ட்ட காட்டணும், இன்னைக்கு 19 நாள். அவன் அம்மாட்ட சொன்னேன், அவ உடனே "டீச்சர், எம்பிள்ளைக்கு மனசு சரியில்லன்னு ஊர்ல சொல்லிராதீங்க"ன்னு அழுதுட்டா. இல்லம்மா, காய்ச்சல்னா ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுறோம்ல, இதுவும் அப்படித்தான்னு சொல்லி மனசு கஷ்டத்துக்கு பேசுற அரசு போன் நம்பர் 14416னு எழுதி கொடுத்தேன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், உனக்கு தூக்கம் வரலன்னாலும் பேசுன்னேன். அவ கண்ணுக்கு கீழ எல்லாம் கறுத்து கிடக்கு. பிள்ளைக்கு மட்டும்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன் இவ்வளவு நாளும்.

ஆகஸ்ட் 25
நிக்கர் நனையல.

ஆகஸ்ட் 26
நாற்காலி எல்லாம் வரிசையா வச்சு படகு ஓட்டுறான். பக்கத்துல இருந்த பாப்பா காதுல என்னமோ சொன்னான். நான் திரும்பியே பாக்கல, சத்துமாவு உருண்ட பிடிச்சுட்டே இருந்தேன், நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 28
ராத்திரி பூரா காத்து. பெரியவன் மூணு மணிக்கு எந்திரிச்சு வந்தான்.

ஆகஸ்ட் 29
நாறுதுன்னு அம்மச்சி தோர்த்த சோப்பு போட்டு அலக்கிட்டாங்களாம். அவன் அத மோந்து பாத்துட்டு தரைல வச்சிட்டான். சிப்பியும் போடல.