ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஒரு தீவு

எங்கள் தெருமுனையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. தேர்தல் வந்தால் வெள்ளையடிப்பார்கள். அப்புறம் யாராவது ‘கச்சத்தீவை மீட்போம்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். கட்சி மாறும், பெயிண்ட் நிறம் மாறும், வாசகம் மட்டும் மாறாது. மதுரைக்காரன் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆனாலும் அந்தத் தீவைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாத ஆளை இந்த ஊர் டீக்கடையில் நான் பார்த்ததில்லை. நானும் பேசியிருக்கிறேன். தீவுக்குத்தான் போக முடியாது, அதன் பழைய சொந்தக்காரரான ராமநாதபுரம் சேதுபதி மன்னர் வீட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறிவிட்டேன்.

சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி. கருவேலங்காடும் கண்மாயுமாகப் போகிற வண்டி. எதிர் சீட்டில் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர். மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்.

“எங்க தம்பி, ராமேஸ்வரமா?”

“இல்லம்மா, ராம்நாடு. அரண்மனை பாக்க.”

“நமக்குப் பாம்பன்.”

மானாமதுரையில் டீ வாங்கினோம். கச்சத்தீவு என்று நான் வாயெடுத்ததும் அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. அப்பாவின் வள்ளத்தில் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறாராம். “அப்ப பாஸ் கீஸெல்லாம் கெடையாது. இங்கேருந்து கைலி கொண்டு போவாக, அங்கேருந்து வாசனைச் சோப்பும் தேங்காய் எண்ணெயும் வரும். ராத்திரி மணல்லயே படுத்துக்கிருவோம். பூசையும் தமிழ்தான், பக்கத்துல படுத்திருக்க யாழ்ப்பாணத்துக்காரவுகளும் தமிழ்தான்.” சண்டைக் காலத்தில் பல வருடம் திருவிழாவே இல்லை என்றார். இப்போது பதிவு, அடையாள அட்டை, சோதனை எல்லாம் முடித்துத்தான் படகு ஏறவேண்டும்.

அந்தக் கோயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் இந்தக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி. 2016இல் இலங்கை அதன் பக்கத்தில் புதுக் கோயில் ஒன்று கட்டியது. தீவு மொத்தமே 285 ஏக்கர்தான், நம்ம வண்டியூர்க் கண்மாய் அதைவிடப் பெரியது. குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது.

ராமநாதபுரத்தில் இறங்கி நேராக ராமலிங்க விலாசம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே தடித்தடித் தூண்களுக்கு நடுவே நின்றால் உடம்பு குளிர்கிறது. கிழவன் சேதுபதி கட்டிய மாளிகை. சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: தஞ்சை மராட்டியரோடு போர், வெள்ளைக்காரர்கள் வந்து நிற்பது, ராமாயணக் கதை. மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு ரத்தின அபிஷேகம் செய்கிற காட்சியின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். சேதுபதிகளுக்குப் பட்டம் கட்டி வைத்ததே 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர்தான். அதோடு போகவில்லை. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை இந்த ஜமீன் மதுரை ஜில்லாவில் இருந்தது. 1880இல் சாயவேர் எடுக்கக் கொடுத்த குத்தகையில் கச்சத்தீவும் அடக்கம் என்று நம் தரப்பில் காட்டுகிறார்களே, ஒருவகையில் அது எங்கள் ஜில்லாக் காகிதம்! (கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.)

ஆனால் எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு இல்லை. மீன்பிடி எல்லை பிரிக்க 1921இல் கொழும்பில் கூடியபோதே இலங்கை இந்தத் தீவைக் கேட்டது. இழுபறி 1974 ஜூன்வரை நீண்டது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி விழுந்தது, தீவு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த ஆகஸ்டிலேயே தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1991இல் ஒன்று, 2025 ஏப்ரல் 2இல் இன்னொன்று.

நாட்டின் மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டும். மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கு போட்ட விவகாரத்தில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. இதை வைத்துத்தான் 2008இல் ஜெயலலிதா வழக்குப் போட்டார். டெல்லியின் பதில்: எதையும் கொடுக்கவில்லை, யாருடையது என்றே முடிவாகாத இடத்தில் எல்லைதான் வரைந்தோம். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் அந்த மாளிகையில் நின்றுகொண்டு கேட்டால் எரிச்சல் வரும்.

இருந்தாலும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்த அம்மா பரமக்குடி தாண்டிச் சொன்னதுதான்.

“தீவுல என்ன தம்பி இருக்கு? கோயில் இருக்கு, வலை காயப்போட மணல் இருக்கு. எங்களுக்கு வேண்டியது அதச் சுத்தி இருக்க கடலு.” மருமகன் ஒருமுறை பிடிபட்டு அங்கே ஜெயிலில் இருந்துவிட்டு வந்தாராம். ஆள் வந்தார், படகு வரவில்லை. கொஞ்சம் நிறுத்தி, “நம்ம பக்கத்து இழுவைமடி அங்கிட்டுச் சனங்க வலையையும் அறுத்துப் போட்டுருது. அதையுஞ் சொல்லணும்ல?” என்றார். (இழுவைமடி என்றால் விசைப்படகு கடலடியோடு இழுத்துப் போகிற வலை.)

சுவரில் எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. 1974 ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தாலும் வாசல் இருந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது 5ஆவது பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமையைத் தொடரலாம் என்கிறது 6ஆவது. வாசலை அடைத்தது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள். ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று அவற்றில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் சண்டை தீவைவிட அந்தக் கடிதத்தோடுதான் இருக்கவேண்டும். 285 ஏக்கர் திரும்பி வந்தாலும் எல்லைக்கோடு கொஞ்சம் கிழக்கே நகரும், அவ்வளவுதான். இழுவைமடி அந்தக் கோட்டையும் தாண்டும், இலங்கைப் படகு அங்கேயும் நிற்கும்.

இதை எங்கள் டீக்கடையில் சொன்னால் என்னைத் துரோகி என்பார்கள். சொல்லட்டும்.

சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்கும் முன், அந்த அம்மா சொல்லி அனுப்பியபடி அரைக் கிலோ சீலாக் கருவாடு வாங்கினேன். பை எங்கே இருக்கிறது என்று கண்டக்டருக்குச் சத்திரக்குடியிலேயே தெரிந்துவிட்டது. பரமக்குடிவரை அதை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே வந்தேன்.