கீரிமலைக் கேணியடியில் கேட்டவை

ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள கீரிமலையில் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யும் நாள். மாவிட்டபுரம் கந்தனும் அன்றுதான் அங்கே தீர்த்தமாட எழுந்தருளுகிறான். நான் அப்பாவுக்காகப் போனேன். பெரியம்மாவும் கூட வந்தார். தெல்லிப்பழை தாண்டியதும் பஸ்ஸிலேயே பேசத் தொடங்கிவிட்டார்: இந்த வளவு யாருடையது, கூரையில்லாமல் ஆலமரம் முளைத்து நிற்கும் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், கிணற்றடியில் நின்ற மாமரம் எந்த இனம் என்று.

கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான். வெளியே உப்பு அலை அடிக்க, உள்ளே நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணீர் ஊறி வருகிறது. மூழ்கி எழுந்து, ஈர வேட்டியோடு அமர்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பாவின் பெயரைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. பிறகு நகுலேஸ்வரர் சந்நிதி. 1621இல் போர்த்துக்கேயர் இடித்த கோவில். ஆறுமுக நாவலர் எடுத்த முயற்சியின் பயனாக 1894இல் மீண்டும் எழுந்தது. 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, பின் நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2012இல்தான் மறுபடி கும்பாபிஷேகம் கண்டது. கும்பிட்டு நிமிர்ந்தால் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

மண்டப நிழலில் எங்கள் பக்கத்தில் பக்கத்து மீன்பிடி ஊரான மயிலிட்டியைச் சேர்ந்த ஐயா ஒருவர் அமர்ந்திருந்தார். "நீங்கள் எவ்விடம், பிள்ளை?" என்று பெரியம்மாவைக் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

1990 ஜூனில் போரால் ஊரை விட்டபோது ஐயா வள்ளத்தைக் கரையில் ஏற்றி, வலையை மடித்து, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வந்தாராம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல். "திறப்பு இருக்கிறது, தம்பி. கதவுதான் இல்லை" என்றார். கடல் தெரியாத அகதி முகாமில் பேரப்பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க முடியாமல் போனதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீடு போனதைவிட அது அவரை உறுத்துகிறது.

பெரியம்மா பங்கர் கதைகளை எடுத்தார். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழி. பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளின் காதில் பஞ்சை அடைத்து, பல்லிடுக்கில் தடியொன்றைக் கடிக்கக் கொடுத்து உள்ளே தள்ளுவார். தேவாரம் பாடத் தெரிந்தவர் பாட, மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு, சொட்டு எண்ணெயில் எரிந்த விளக்கில்தான் என் அண்ணன்மார் படித்தார்கள். வானொலிக்கு பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் மிதி சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ஒழுங்கை முழுவதும் கூடிச் செய்தி கேட்டது.

1995 அக்டோபர் 30 இரவைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சுற்றூர்களும் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு அது. பெரியம்மா எடுத்தவை காணி உறுதிக் கட்டும் சுவாமி அறைத் தூண்டாமணி விளக்கும். பாலத்தில் நெரிசலில் ஓர் அடி எடுத்து வைக்க ஒரு யுகம் ஆனதாம். விளக்கு சுமையாகிவிட்டது, முன்பின் தெரியாத ஒரு பையன் வாங்கித் தன் சைக்கிளில் கட்டிக் கைதடி வரை கொண்டுவந்து கொடுத்தான். அவன் பெயரைக் கேட்க மறந்துவிட்டதை நினைத்து இன்றும் அர்ச்சனையில் "அந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லுகிறார். குருக்கள் நட்சத்திரம் கேட்டால், தெரியாது என்பார்.

போர் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த ஒழுங்கையில் யார் இருந்தார்கள், யார் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளினார்கள் என்பது இவர்கள் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது. சிதறிப் போன ஊர் ஆண்டுக்கொருமுறை கூடும் இடம் கோவில். ஆகவே கேட்டு எழுதும் வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருவரின் அனுமதியோடும் கைபேசியில் பதிவு செய்துகொண்டேன்.

வீட்டில் விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் காத்திருந்ததால் மதியத்துக்குள் புறப்பட்டோம். சிவராத்திரிக்குப் பேரனோடு வருவதாக ஐயா சொல்லியிருக்கிறார். மயிலிட்டியின் பழைய துறையை, வள்ளங்கள் நின்ற வரிசைப்படி, அன்று எனக்கு வரைந்து காட்டுவாராம்.